மாடி எடுக்கும் முன் ஒரு கடிதம்

குமரி மாவட்டத்தின் கருங்கல் வட்டாரத்தில் ஒரு வீடு ஒரே மூச்சில் கட்டி முடிவது அபூர்வம். வளைகுடாப் பணம், ரப்பர் பால் காசு, சீட்டு, வங்கிக் கடன் என்று எது எப்போது கைக்கு வருகிறதோ அதற்கேற்ப வீடு வளரும். முதலில் கீழ்த்தளத்தை வார்த்துப் பால்காய்ப்பு நடத்திவிடுவார்கள். மொட்டைமாடியில் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். மகன் வேலைக்குப் போனதும் அந்தக் கம்பிகளின்மேல் மாடி எழும்பும். அப்புறம் முன்பக்கச் சிட்டவுட்டை அடைத்து ஓர் அறை. வார்ப்பு கசிகிறது என்று மேலே இரும்புச் சட்டம் அடித்து ஷீட். மகள் கல்யாணத்துக்கு முன் ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவிலிருந்த சுவரை எடுத்துவிட்டு ஒரே கூடம். இப்படி இருபது வருடத்தில் வீடு மூன்று நான்கு முறை உருமாறிவிடுகிறது. அதன் காப்பீட்டுப் பத்திரம் மட்டும் முதல் நாள் எழுதிய வீட்டையே பிடித்துக்கொண்டு வருடா வருடம் புதுப்பிக்கப்படுகிறது. தீ, புயல், வெள்ளத்தால் வரும் சேதத்தைக் காப்பீட்டுக்காக மதிப்பிடும் சர்வேயர் தொழிலில் இருப்பவனுக்கு முதலில் கண்ணில் படுவது இந்த வித்தியாசம்தான். வீட்டின் எடையைத் தாங்கும் எந்த உறுப்பில் கை வைத்தாலும், பரப்பு ஒரு சதுர அடிகூட கூடாவிட்டாலும், வேலை தொடங்கும் முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களையும், எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் வரிசையாகப் பார்க்கிறேன்.

வீட்டுக் காப்பீட்டில் இன்று நம்மிடம் இருக்கும் அடிப்படைத் திட்டம் பாரத் கிருக ரக்ஷா. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வாசகத்தை வகுத்துக்கொடுத்து, 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் அதை வழங்கும்படி செய்தது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, மரமோ வாகனமோ வந்து மோதுவது, தண்ணீர்த் தொட்டி உடைவது, கலவரம் என்று பெயர் சொல்லி ஒரு பட்டியல் அதில் இருக்கிறது. இழப்புக்குக் காரணம் அந்தப் பட்டியலில் இருந்தால்தான் பணம். கார் நிறுத்துமிடம், சுற்றுச்சுவர், தாங்குசுவர், கழிவுநீர்த் தொட்டி, சூரிய ஒளித் தகடு ஆகியவையும் வீட்டோடு சேர்த்தே கணக்கு. வீட்டின் உள்பரப்பைக் கட்டுமானச் செலவால் பெருக்கிக் காப்பீட்டுத் தொகையை நிர்ணயிக்கிறார்கள். தொகை குறைவாக எடுத்திருந்தாலும் அந்த விகிதத்தில் இழப்பீட்டை வெட்டும் பழைய வழக்கம் இதில் கிடையாது. குடும்பத்துக்கு நியாயமான திட்டம் என்றே இதைச் சொல்வேன். ஆனால் அதன் விலக்குப் பட்டியலுக்குள் ஒரு வரி இருக்கிறது. இந்த ஊர் வீடுகளைப் பொறுத்தவரை முழுப் பத்திரத்திலும் முக்கியமான வரி அதுதான்.

பத்திரம் தொடங்கிய நாளிலோ புதுப்பித்த நாளிலோ இருந்த உள்பரப்பை 10 சதவீதத்துக்கு மேல் கூட்டும் எந்தச் சேர்ப்பும், நீட்டிப்பும், மாற்றமும் காப்பீட்டில் அடங்காது. கூடுதல் பிரீமியம் கட்டி, அது பத்திரத்தில் ஒப்புதலாகச் சேர்க்கப்பட்டிருந்தால் மட்டுமே அடங்கும் என்கிறது அந்த வரி. 1000 சதுர அடி உள்பரப்புள்ள வீட்டுக்கு எல்லை 100 சதுர அடி. சராசரி படுக்கையறை ஒன்று கட்டினாலே எல்லை தாண்டிவிடும். 600 சதுர அடி மாடியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ‘பழைய பகுதிக்காவது பணம் வருமே’ என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். வரும்தான். ஆனால் மாடி எழும்பிய பிறகு பழைய கூரை கூரையாக இருப்பதில்லை, மாடிக்குத் தரையாகிவிடுகிறது. புயலுக்கு முகம் கொடுப்பதும், மரம் சாய்ந்தால் முதல் அடி வாங்குவதும், இடி இறங்கும்போது மேலே நிற்பதும் மாடி. வீட்டில் எந்தப் பகுதி அடிபட அதிக வாய்ப்புள்ளதோ அதுவே காப்பீட்டுக்கு வெளியே நிற்கிறது. சொல்லாமல் விட்டவர் பத்திரத்தில் பாதியை இழந்ததாக நினைக்கிறார். உண்மையில் கையைவிட்டுப் போனது அவருக்கு மிகவும் தேவைப்படும் பாதி.

பரப்பைக் கணக்கிடும் முறையையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். உள்பரப்பு என்பது வீட்டுக்குள் உபயோகமாகும் தரைப்பரப்பு. வெளிச்சுவர் நிற்கும் இடம், வராந்தா, திறந்த மொட்டைமாடி இவை அதில் சேராது. உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் நிற்கும் இடம் சேரும். இதிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன. ஒன்று, சிட்டவுட் திறந்திருக்கும் வரை கணக்கில் இல்லை. அதைச் சுவர் வைத்து அடைத்த நாளில் அது உள்பரப்பாகிவிடுகிறது. ‘புதிதாக ஒன்றும் கட்டவில்லை, இருந்ததைத்தான் அடைத்தேன்’ என்று சொல்கிறவர் 10 சதவீதத்தைத் தாண்டியிருக்கலாம். இரண்டாவது இதைவிடப் பெரியது. நடுச்சுவரை இடித்து இரண்டு அறையை ஒன்றாக்கினால் உள்பரப்பு துளியும் மாறாது. சுவர் இருந்தபோதும் அந்த இடம் கணக்கில் இருந்தது, எடுத்த பிறகும் இருக்கிறது. பரப்பை மட்டும் பார்க்கிறவர் கணக்கில் எதுவும் நடக்கவில்லை. வீட்டுக்கோ, அது நிற்கும் விதமே மாறிவிட்டது.

காரணம், இந்தப் பகுதியின் பழைய வார்ப்பு வீடுகளில் பெரும்பாலானவை தூணும் பீமும் தாங்கும் வீடுகள் அல்ல. கருங்கல் அடித்தளத்தின்மேல் செங்கல்லோ வெட்டுக்கல்லோ வைத்து ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பி, அதன்மேல் நேராக வார்ப்பை உட்காரவைத்தவை. அங்கே சுவர்தான் தூண். பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றின்மேல் ஐந்து அங்குல கனத்தில் வார்ப்பு இருந்தால் அதுவே மூன்றரை டன்னுக்குக் கிட்ட வரும். அதன்மேல் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால் இன்னும் ஒரு டன். நடுச்சுவரை எடுத்தால் அது தாங்கிய எடை, இரு பக்கமும் மிச்சமிருக்கும் சுவர்த்துண்டுகளுக்குப் போய்ச் சேர வேண்டும். கீழே ஒரு பீம் கொடுத்து, அந்தப் பீமின் முனைகள் உட்காரும் இடத்தைப் பலப்படுத்தியிருந்தால் வீடு நிற்கும். வார்ப்புக்குள் கம்பி எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்காமல், ‘இது சும்மா அடைப்புச் சுவர்’ என்று மேஸ்திரி சொன்னதை நம்பி எடுத்திருந்தால், வார்ப்பின் அடியில் மயிரிழை விரிசல் ஓடத் தொடங்கும். நாலரை அங்குலச் சுவர் எல்லாமே அடைப்புச் சுவர்தான் என்பதும் நம்பக்கூடாத பேச்சு. சின்ன வீடுகளில் அதன்மேலும் வார்ப்பு உட்கார்ந்திருக்கும். இப்படி மெலிந்த வீட்டில் தீப்பிடித்தாலோ பலத்த காற்று அடித்தாலோ சேதம் பல மடங்காகிறது. அபாயத்தின் அளவு மாறிவிட்டது என்பதை, அந்த அபாயத்தை விலைக்கு ஏற்றுக்கொண்டவர் அறிய வேண்டாமா? பத்திரமும் அதைத்தான் கேட்கிறது. விலக்கு விதி 10 சதவீதம் என்று எல்லை வைத்தாலும், பத்திரதாரரின் கடமைகளைச் சொல்லும் இடத்தில் கட்டிட அமைப்பில் சேர்ப்போ மாற்றமோ செய்தால் தெரிவிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு விதிகள். பலர் முதலாவதை மட்டும் கேள்விப்பட்டு, இரண்டாவது இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள்.

ஷீட் போடுவதும் இந்தக் கணக்கில் வர வேண்டியதே. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் இது. வார்ப்புக்கு மேல் இன்னொரு கூரை போடுவதில் அறிவு இருக்கிறது. ஆனால் 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயல், தென்னையும் ரப்பரும் வாழையும் மின்கம்பமுமாகச் சாய்த்துப்போட்டபோது, காற்று என்ன செய்யும் என்று இந்த மாவட்டம் முழுக்கக் கண்டது. ஷீட் கூரையை மேலிருந்து அமுக்குவது காற்றின் வேலை அல்ல. அடியில் புகுந்து தூக்கும். அதனால் அந்தக் கூரையின் உயிர் ஷீட்டின் விலையிலோ கம்பெனி முத்திரையிலோ இல்லை. இரும்புக் கால் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தகடு இருக்கும். அது வார்ப்புக்குள்ளோ தூணுக்குள்ளோ இறங்கிய போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்கிறதா, கைப்பிடிச் சுவரின் செங்கல்லில் சின்ன ஆங்கர் அடித்து நிறுத்தப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. இரண்டாவது வகையில் கூரை பறக்கும்போது கைப்பிடிச் சுவரையும் பிடுங்கிக்கொண்டு போகும். விழுகிற இடத்தில் அடுத்த வீட்டின் ஓடும் உடையும். திறந்த மொட்டைமாடி உள்பரப்பில் சேராது என்பதால் ஷீட் போட்டதைச் சொல்லத் தேவையில்லை என்று வாதிடலாம். புயல் சேதம் கேட்டு வரும் நாளில், பறந்துபோன அந்தக் கூரை பத்திரத்தில் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அந்த வாதம் பதில் ஆகாது.

இந்த இடத்தில் ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தெரிவித்துவிட்டால் எல்லாச் சேதத்துக்கும் பணம் வந்துவிடும் என்பதில்லை. வேலை நடக்கும்போது சுவர் சரிந்தாலோ வார்ப்பு இறங்கினாலோ, அது பட்டியலில் உள்ள விபத்தால் நேர்ந்ததல்ல என்றால் வீட்டுக் காப்பீடு கைகொடுக்காது. நிலம் உள்வாங்குவதற்கு இழப்பீடு உண்டு. ஆனால் இடிப்பு, கட்டுமானம், அமைப்பு மாற்றம், பள்ளம் தோண்டுதல் ஆகியவற்றால் நிலம் உள்வாங்கினால் கிடையாது என்று அதே பத்திரம் சொல்கிறது. மேடும் சரிவுமான நிலத்தில் ஜே.சி.பி. வைத்து மண் எடுத்து மனையைச் சமமாக்குவது இங்கே வழக்கம் என்பதால் இந்த விலக்கு நமக்கு நேராகப் பொருந்துகிறது. கட்டுமான காலத்துக்கென்று தனியாக ஒப்பந்ததாரர் சர்வ அபாயக் காப்பீடு இருக்கிறது. கட்டிக்கொண்டிருக்கும் பகுதி, கொட்டி வைத்திருக்கும் பொருள், மூன்றாம் நபருக்கு ஏற்படும் சேதம் இவற்றை அது ஏற்கும். ஆனால் அதிர்வாலோ ஆதாரம் அகற்றப்பட்டதாலோ பக்கத்து வீட்டுச் சுவர் வெடித்தால் அதற்கும் தனிச் சேர்ப்பு வாங்கியிருக்க வேண்டும். நான்கு சென்ட், ஐந்து சென்ட் மனைகளில் சுவரோடு சுவராக நிற்கும் வீடுகளுக்கு இந்தச் சேர்ப்பு மிகவும் அவசியம் என்பது என் கருத்து. வேலையைப் பற்றி முன்கூட்டியே தெரிவிப்பவருக்கு இந்தக் கேள்விகள் எல்லாம் அப்போதே எழும். எது அடங்கும், எது அடங்காது என்று தெரிந்துகொண்டு இறங்குவார். சொல்லாதவர் இதை இழப்புக்குப் பிறகுதான் தெரிந்துகொள்கிறார்.

இனி எதிர்ப்புகள். ‘என்னிடம் யாரும் கேட்கவில்லையே’ என்பது முதலாவது. இதில் நியாயம் இருக்கிறது. பிரிட்டனில் 2012-இல் வந்த சட்டம், தனிநபர் காப்பீட்டில் கேட்ட கேள்விக்கு நேர்மையாகவும் கவனமாகவும் பதில் சொன்னால் போதும் என்று ஆக்கிவிட்டது. கவனக்குறைவால் தவறாகச் சொல்லியிருந்தாலும், சரியாகச் சொல்லியிருந்தால் நிறுவனம் என்ன செய்திருக்குமோ அதைப் பொறுத்துத்தான் இழப்பீடு முடிவாகும். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. காப்பீடு முழு நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம், முக்கியமான தகவலை மறைக்கக் கூடாது என்பதை 2009-இல் சத்வந்த் கௌர் சந்து வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2021-இல் மன்மோகன் நந்தா வழக்கில் அதே நீதிமன்றம், விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்தும் கேட்காமல் பத்திரம் கொடுத்த நிறுவனம், பிறகு மறைத்துவிட்டார் என்று சொல்ல முடியாது என்றது. இரண்டும் மருத்துவக் காப்பீட்டு வழக்குகள். கொள்கை எல்லாக் காப்பீட்டுக்கும் பொருந்தும். ஆனால் கவனியுங்கள்: இரண்டாவது தீர்ப்பு பத்திரம் வாங்கும் நேரத்தைப் பற்றியது. பத்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் மாடி எடுப்பது நிறுவனத்துக்கு எப்படித் தெரியும்? கேட்க வேண்டிய நேரமே அவர்களுக்குத் தெரியாது. அங்கே வாய் திறக்க வேண்டியவர் வீட்டுக்காரர் மட்டுமே.

‘பேரூராட்சி அனுமதி வாங்காமல் எடுத்த மாடி, சொன்னால் மாட்டிக்கொள்வேன்’ என்பது அடுத்தது. வெளியே சொல்லத் தயங்கினாலும் மௌனத்துக்கு உண்மையான காரணம் பலரிடம் இதுதான். காப்பீட்டு நிறுவனம் கட்டிட அனுமதியை அமலாக்கும் அலுவலகம் அல்ல. ஆனால் அனுமதி பற்றிக் கேட்கும். பொய் சொல்ல முடியாது. ஏற்க மறுக்கவும் அதற்கு உரிமை உண்டு. மறுத்தால், அந்தப் பகுதிக்குப் பாதுகாப்பு இல்லை என்பது இன்றே தெரிந்துவிடும். மறைத்தாலும் பாதுகாப்பு இல்லை. ஆனால் இருக்கிறது என்ற நினைப்பில் பிரீமியம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். அனுமதி வாங்குவது முன்போல் அலைச்சலாகவும் இல்லை. 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்திலேயே அனுமதி பெறலாம். 2,500 சதுர அடி என்றால் ஏறத்தாழ ஐந்தே முக்கால் சென்ட். இந்தப் பகுதியின் நடுத்தரக் குடும்ப மனைகளில் பல அதற்குள் வந்துவிடும்.

‘எப்படியும் ஏதாவது சாக்குச் சொல்லத்தான் போகிறார்கள், பிறகு எதற்குச் சொல்ல வேண்டும்’ என்பது மூன்றாவது. கசப்பில் வருகிற பேச்சு இது. கசப்புக்குக் காரணங்களும் இருக்கின்றன. ஆனால் சாக்கு தேடுகிறவரின் கையில் நாமே ஒரு காரணத்தைக் கொடுக்கலாமா? சொல்லாமல் விட்டது தெரியாமல் போகும் என்று நினைக்கவும் வேண்டாம். சேதம் பார்க்க வரும் சர்வேயர் முதலில் எடுப்பது அளவு நாடா. அறை அறையாக அளந்து பத்திரத்திலுள்ள பரப்போடு ஒப்பிடுவார். இடித்த சுவர் நின்ற இடத்தில் தரை டைலின் வரிசை முறிந்திருக்கும். மேலே வார்ப்பின் அடியில் பூச்சு வேறு நிறத்தில் ஒரு பட்டையாக ஓடும். புது மாடிக்கும் பழைய தளத்துக்கும் இடையே வெளிப்பூச்சில் படுத்துக் கிடக்கும் கோடு எத்தனை பெயின்ட் அடித்தாலும் போகாது. சொத்து வரி ரசீது, மின் இணைப்பில் சுமை கூட்டிய தேதி, இணையத்தில் வருட வாரியாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் படம் என்று சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை. மாறாக, ஒப்புதல் கையில் இருப்பவர் நியாயமற்ற மறுப்பை எதிர்த்து நிற்க முடியும். சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் கட்டணமில்லாமல் புகாரை விசாரிக்கிறார்; 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அங்கெல்லாம் பேசப்போவது காகிதம்தான்.

பிரீமியம் கூடிவிடும் என்ற பயம் கணக்குப் பார்த்தால் நிற்காது. சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 600 சதுர அடி மாடிக்கு 12 லட்சம் கூடுதல் தொகை. அதற்கான வருடப் பிரீமியம் பெரும்பாலும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். ஒரு கொத்தனாரின் ஒரு நாள் கூலிக்குப் பக்கத்தில் வரும் காசு அது. வார்ப்புக்கு வந்தவர்களுக்கு அன்று சாப்பாடு போட ஆகும் செலவு அதைவிட அதிகம். பழைய வகைத் தீக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். 30 லட்சம் பெறுமான வீட்டை 15 லட்சத்துக்கு எடுத்திருந்தால் 4 லட்சம் சேதத்துக்கு 2 லட்சம்தான் கிடைக்கும். மாடி எடுத்ததும் வீட்டின் பெறுமானம் ஏறி, பழைய தொகை தானாகவே போதாததாகிவிடுகிறது. மாடியை வாடகைக்கு விடுவதானாலும், சாலையோர அறையைக் கடையாக்குவதானாலும் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குடியிருப்புக்கு எழுதிய பத்திரம் கடைக்குப் பொருந்தாது.

வங்கிக் கடனோடு ஒட்டி வந்த காப்பீடு தனிக் கதை. அதில் பலரிடம் பத்திரத்தின் நகல்கூட இருக்காது. கடன் கணக்கில் வருடம் ஒரு முறை கழிந்த தொகையைப் பார்த்துத்தான் காப்பீடு இருப்பதே தெரியும். காப்பீட்டுத் தொகை வீட்டின் மதிப்புக்கா, கடன் தொகைக்கா என்பதும் தெரியாது. மாடிக்கு இன்னொரு கடன் கொடுத்த அதே கிளை, பழைய பத்திரத்தை மாற்றாமல் புதுப்பிக்க வாய்ப்பு உண்டு. மாடிக்குக் கடன் கொடுத்த வங்கிக்கு மாடி தெரியும், அதனால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரியும் என்று எண்ணுவது ஆபத்து. இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள். பத்திர நகலைக் கேட்டு வாங்கி, அதிலிருக்கும் பரப்பையும் தொகையையும் படித்துப் பார்ப்பது கடன் வாங்கியவரின் உரிமை. நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு: புதுப்பிப்பு நோட்டீஸில் ‘இந்த வருடம் வீட்டில் இடித்தீர்களா, கட்டினீர்களா?’ என்று தமிழில் ஒரு வரி சேர்த்தால், பாதி வழக்குகள் பிறக்கவே பிறக்காது.

எழுத வேண்டிய கடிதம் ஒரு பக்கம் போதும். பத்திர எண், இப்போதுள்ள பரப்பு, செய்யப்போகும் வேலை, எந்தச் சுவர் அல்லது தூண் தொடப்படுகிறது, வேலைக்குப் பின் பரப்பு, உத்தேசச் செலவு, தொடங்கும் தேதி, முடியும் தேதி, வேலையை ஏற்றிருப்பவர் யார் என்பது. அதோடு கட்டிடப் பொறியாளரின் சான்றும் வரைபடமும் இணையுங்கள். வீட்டை உள்ளும் புறமும் இன்றைய நிலையில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏஜெண்டிடம் வாய்ச்சொல்லாகச் சொன்னதும், வாட்ஸ்அப்பில் அவர் கைகூப்பியதும் கணக்கில் வராது. கிளை அலுவலகத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள், அல்லது நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். 1938-ஆம் வருடத்துக் காப்பீட்டுச் சட்டத்தின் 64வி.பி. பிரிவின்படி, பிரீமியம் வந்து சேராமல் எந்த நிறுவனமும் அபாயத்தை ஏற்க முடியாது. ஆகவே கடிதம் கொடுத்ததோடு நிற்காமல், கூடுதல் பிரீமியத்தைக் கட்டி, ஒப்புதல் பத்திரத்தைக் கையில் வாங்கிய பிறகு கொத்தனாருக்கு முன்பணம் கொடுங்கள்.